பீங்கானும் சிரட்டையும்: மலையகத்துக் குருவித் தட்டின் கதை

சோறு உண்ணும் தட்டை எங்கள் வீடுகளில் பீங்கான் என்போம். சிங்களச் சகோதரர்கள் 'பிங்கான' என்பார்கள். இரண்டுக்கும் மூலம் கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'பிங்கான்' ஆகும். அதே சொல்தான் அரபு மொழியில் 'ஃபின்ஜான்' என மாறிக் கோப்பிக் கோப்பையின் பெயராக வழங்குகிறது. 'கோப்பை' என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இவற்றுக்குப் பக்கத்தில் சிரட்டை என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அது எந்தக் கப்பலிலும் ஏறி வரவில்லை. தேங்காய் உள்ள இடத்திலெல்லாம் அதுவும் இருந்தது.

மலையகத்தில் இந்தப் பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று அருகிலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேல் புழங்கின. ஆனால் ஒன்றில் குடித்தவர் மற்றதில் குடிக்கவில்லை. அண்மைக் காலமாக ஹற்றன், டிக்கோயாப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் பழைய பீங்கான் தட்டுகள் சங்கிலியில் தொங்குவதையும், அவற்றில் குருவிகள் இரை பொறுக்குவதையும் காண்கிறேன். கோப்பையைச் சாசரோடு ஒட்டி மரக்கிளையில் மாட்டும் இந்த வழக்கம் ஆங்கிலேய, அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்குரியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையல்ல. இந்தத் தட்டு இந்தக் கிளைக்கு வந்துசேர்ந்த வழியைத் தேடினால், மலையக மக்களின் வரலாற்றில் எழுதப்படாத சில பக்கங்கள் நமக்குக் கிடைக்கும்.

மன்னார்க் கரை

இலங்கைக்குப் பீங்கான் வந்த கதை ஆங்கிலேயரோடு தொடங்கியதல்ல. 1980களின் முற்பகுதியில் மன்னாருக்கு அருகே மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழ்வாய்வுகளில் சீனத்து மட்பாண்டங்களின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பாரசீக வளைகுடாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான கடல்வழியில் மாந்தை ஒரு முக்கிய சந்தியாக விளங்கியது. அவ்வழியின் பிற்கால அடையாளமாகக் காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைக் கூறலாம். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. அதைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரசீகத்துச் சொல்லொன்று சீனத்துப் பாண்டத்துக்குப் பெயராகித் தமிழர் வாயிலும் சிங்களவர் வாயிலும் நிலைத்ததில் வியப்பேதுமில்லை.

மாந்தைக்கு அண்மையிலுள்ள இதே மன்னார்க் கரையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் வந்திறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் பலர். அவர்களுடைய மூட்டைகளில் பீங்கான் இருந்திருக்க நியாயமில்லை. சட்டி, பானை, செம்பு, கூடவே ஒரு சிரட்டை அகப்பை இருந்தாலே பெரிய சொத்து.

பங்களாவும் லயமும்

1869ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் மலைக்கு அரிசி ஏற்றியதும் கோப்பி இறக்கியதும் பெரும்பாலும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களும் மாட்டுவண்டிகளுமே. தவளத் தொழிலில் நம்மவர் முன்னணியில் இருந்தனர். கண்டி மன்னர் காலத்திலேயே 'மடிகே' எனப்பட்ட போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பணிபுரிந்தமை யாவரும் அறிந்ததே. ஆனால் மாட்டு முதுகில் வரும் பீங்கான் பாதி வழியிலேயே நொறுங்கிவிடும். வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகளில் முழுத் தொகுதியாகப் பீங்கானை மலைக்கு ஏற்ற ரயிலே பேருதவி புரிந்தது எனலாம்.

அவ்வாறு வந்தவற்றில் இரண்டு வகையைக் குறிப்பிட வேண்டும். முதலாவது எலும்புப் பீங்கான். ஜொசையா ஸ்போட் என்ற ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதைச் செம்மைப்படுத்தினார். மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் ஏறக்குறைய அரைவாசி, மீதி வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைக் கல்லும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும். இரண்டாவது, 'வில்லோ' எனப்படும் நீலச் சித்திரத் தட்டு. பாலம், மரம், மண்டபம், வானத்தில் ஒரு சோடிப் பறவை என்பன அதில் அச்சிடப்பட்டிருக்கும். காதலர் இருவர் இறந்து புறாக்களாக மாறினர் என்ற சீனப் பழங்கதை அதற்குச் சொல்லப்படுவதுண்டு. சீனாவில் அப்படியொரு கதை இல்லை. தட்டு விற்பதற்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட கதை அது.

துரை பங்களாவில் இந்தப் பாத்திரங்களுக்குப் பொறுப்பானவர் அப்பு. சமையலும் பரிமாறலும் அவர் கையில். டிக்கோயாப் பகுதியில் 1950கள் முதல் அப்புவாக வேலைசெய்த முதியவர் ஒருவரை 2006ஆம் ஆண்டளவில் சந்தித்துப் பேசினேன். இன்று அவர் இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு வகைக் கோப்பை, மாலைத் தேநீருக்கு வேறு வகை, விருந்தாளி வந்தால் இன்னொரு தொகுதி என்று கைவிரல்களை மடக்கி எண்ணிச் சொன்னார். கழுவும்போது ஒன்றோடொன்று மோதாதிருக்கத் தொட்டியின் அடியில் துணி விரிப்பாராம்.

"இருவது வருசத்துக்கு மேல கழுவுனேன் சேர். ஒரு தடவகூட அதுல நான் வாய் வச்சதில்ல. குசினிக்குப் பின்னால என்னோட தகர கோப்ப தனியா தொங்கும்" என்றார்.

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. பெருமைகூடச் சிறிது இருந்தது, ஒரு கோப்பையையும் உடைக்கவில்லை என்ற பெருமை.

பங்களாவிலிருந்து கீழே இறங்கினால் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம். கொழுந்து பறித்தவர்கள் குடித்தது தூள் தேயிலையில் ஊற்றிய சாயத்தண்ணி. சீனித் துண்டையோ கருப்பட்டியையோ கடித்துக்கொண்டு சிரட்டையிலும் தகரக் கோப்பையிலும் குடித்தார்கள். உயர்ந்த மலையில் தென்னை வளராது. ஆகவே அந்தச் சிரட்டையும்கூடப் பசார்க் கடைக்கு வந்த தேங்காயிலிருந்து கிடைத்ததே. அந்தக் கடைகளில் பல நம்மவருடையவை. உலகம் பீங்கானில் குடித்த தேயிலையை ஆக்கியவர்கள் அதைச் சிரட்டையில் குடித்தார்கள் என்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பதில்லை. வீட்டில் அவர்கள் கேட்டறிந்த செய்திதானே.

போத்தல் வியாபாரியின் சாக்கு

பங்களாப் பீங்கான் வெளியே வந்தது எப்படி? அரச சட்டங்கள் இரண்டும், ஓர் ஒப்பந்தமும், நம்மவரின் ஒரு தொழிலும் இதில் சம்பந்தப்படுகின்றன.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமார் புறப்பட்டார்கள். கப்பலில் ஏற்றப் பெறுமதியில்லாத சாமான்கள் பின்தங்கின. விளிம்பு உதிர்ந்த தட்டு, கைப்பிடி போன கோப்பை, தொகுதி கலைந்த சாசர் ஆகியன அப்புமாருக்கும் பங்களாத் தோட்டக்காரருக்கும் கிடைத்தன.

அதே காலத்தில் வேறொரு புறப்பாடும் நடந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்தியாவுக்குப் போனவர்கள் ஹற்றனிலும் நானுஓயாவிலும் ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். பாட்டன்மார் வந்திறங்கிய அதே மன்னார்க் கரை. போவதற்கு முன் கொண்டுசெல்ல முடியாதவற்றை விற்றார்கள்.

அவற்றை வாங்கியவர்களில் ஒருவர் என் உம்மாவின் வாப்பா. பழைய போத்தல், பித்தளை, ஈயம் வாங்கும் நடை வியாபாரி. தோளில் சாக்கு, கையில் தராசுக் கோல். லயத்து மக்கள் அவரை நானா என்று அழைத்தார்கள். பயணம் புறப்பட்ட அப்பு ஒருவர், "நானா, இது தொரசாணி தேத்தண்ணி குடிச்ச கோப்ப. வெலையப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பொதியை அவிழ்த்ததை உம்மா இன்றும் சொல்வதுண்டு. அவர் சொன்ன விலை உம்மாவுக்கு நினைவில்லை. அந்த அப்புவின் மனைவி கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, சுற்றியிருந்த துணியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது நினைவிலிருக்கிறது.

முழுதான பீங்கான் கண்டிக்கும் கொழும்புக்கும் விலைபோயிற்று. வெடித்தவை எங்கள் வீட்டில் தங்கின. எலும்புச் சாம்பலால் ஆனது என்று யாரோ சொல்லக் கேட்ட உம்மும்மா அவற்றில் சோறு போடச் சம்மதிக்கவில்லை. எறியவும் மனமில்லை. முற்றத்து மதிலின் மேல் ஒரு தட்டை வைத்துக் குறுணல் அரிசியும், பக்கத்தில் ஒரு சாசரில் தண்ணீரும் வைத்தார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது குருவித் தட்டுத்தான். எந்த ஆங்கிலப் புத்தகத்தையும் பார்த்து அவர் அதைச் செய்யவில்லை.

குருவிக்கு இடுதல்

இங்கிலாந்தில் 1890–91 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தபோது, பறவைகளுக்கு இரையிடுமாறு பத்திரிகைகள் மக்களைக் கேட்டுக்கொண்டன. 1910ஆம் ஆண்டளவில் அது நாட்டின் பொழுதுபோக்கு என்று 'பஞ்ச்' சஞ்சிகை எழுதுமளவுக்குப் பரவியது. இதே 1890இல்தான் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார்.

ஆனால் பறவைக்கு இடும் வழக்கம் நமது மலைக்கு அங்கிருந்து வரவில்லை. லயத்து இந்துக் குடும்பங்களில் விரத நாட்களில் முதற்பிடி சோறு காகத்துக்கு. சிங்களக் கிராமங்களில் சிட்டுக்குருவி கூடுகட்டுவதற்கென்றே வீட்டுத் தாழ்வாரத்தில் சிறு மண்முட்டியைத் தொங்கவிடுவார்கள். குருவி வந்து தங்கும் வீடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பசார்க் கடைகளின் கூரை விளிம்பிலும் அத்தகைய முட்டிகள் தொங்கின. நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்ற நபிமொழியை மத்ரஸாவில் ஓதாதவர் நம்மில் இல்லை. துருக்கியின் இஸ்தான்பூல் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பள்ளிவாசல்களின் வெளிச்சுவரில் பறவைகளுக்கென்று கல்லில் சிறு மாளிகைகளே செதுக்கியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில், இந்தியாவின் நாசிக் நகரைச் சேர்ந்த முகம்மது திலாவர் தோற்றுவித்த அமைப்பின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20ஆம் திகதி உலகச் சிட்டுக்குருவி தினமாக நினைவுகூரப்படுகிறது.

மலையகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டபோது பறவைகள் காட்டோடு போயின. ஒரே செடி நிரைநிரையாக நிற்கும் தேயிலை மலையில் பழமும் குறைவு, கூடுகட்ட மரமும் குறைவு. நிழலுக்கு நட்ட சபுக்கும் முள்முருங்கையும் ஓரளவு ஈடுசெய்தன. எனவே மலைப்பறவைகளுக்கு வீட்டுத் தோட்டம் புகலிடமாகிறது. குறுணல் வைத்தால் சில்லைக் குருவியும் புள்ளிப்புறாவும் வரும். வாழைப்பழமோ பப்பாசியோ வைத்தால் கொண்டைக்குருவி வரும். நுவரெலியாவை அண்டிய உயரங்களில், இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும், இலங்கை வெள்ளைக்கண்ணிக் குருவிக் கூட்டமும் எதிர்பார்க்கலாம்.

தட்டைத் தொங்கவிடும் முறையையும் எழுதிவைப்பது நல்லது. விளிம்புக்குச் சற்று உள்ளே சம தூரத்தில் மூன்று துளைகள் இட வேண்டும். கண்ணாடி துளைக்கும் ஊசியையே பயன்படுத்த வேண்டும். துளையிடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரம்பு கட்டி நீர் விட்டு, மெதுவாகத் துளைத்தால் பீங்கான் சூடேறி வெடிக்காது. மூன்று மெல்லிய சங்கிலிகள் மேலே ஒரு வளையத்தில் சேரும். துளையிட மனமில்லாதவர்கள் கவிழ்த்த கோப்பையின் மேல் தட்டை ஒட்டிக் கம்பத்தில் நிறுத்தலாம். 1940களில் சந்தைக்கு வந்த அரால்டைட் போன்ற இருகுழாய்ப் பசை வெயிலையும் மழையையும் தாங்கும். அதற்கு முந்திய காலத்தில் உடைந்த பீங்கானின் இருபுறமும் நுண்துளையிட்டு உலோகக் கவ்விகளால் தைப்பார்கள். அப்படித் தைத்த தட்டொன்று எவரிடமாவது இருந்தால் அதைத் துளைக்க வேண்டாம். அதுவே ஒரு சான்று.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய பீங்கானின் பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். பூச்சு வெடித்த பாத்திரத்தில் தண்ணீரையும் புளிப்புப் பழத்தையும் நீண்ட நேரம் விடாது, உலர்ந்த தானியம் மட்டும் வைப்பது நல்லது. மற்றது சுத்தம். ஒரே தட்டில் பல பறவைகள் கூடுவதால் நோயும் கூடும். பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டு முதல் பரவிய தொண்டை நோயொன்று பச்சைப் பிஞ்சுக் குருவிகளைப் பெருந்தொகையில் அழித்தது. இரைத்தட்டுகளும் அது பரவ வழியாயின. ஆகவே மிஞ்சிய இரையை அன்றே அகற்றித் தட்டைக் கழுவிக் காயவைக்க வேண்டும். இரவில் விட்டால் எலி வரும்.

எதைக் காப்பது?

இன்று பழைய பங்களாக்கள் பல உல்லாச விடுதிகள். 1996இல் கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகியது. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பங்களாக்கள் விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. பழைய காலத்துத் தேநீர் வேளையை அப்படியே அனுபவிக்க உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அதில் தவறில்லை, நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே தொழிலும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோப்பையோடு காக்கப்படுவது யாருடைய நினைவு என்று நாம் கேட்க வேண்டும். துரைமாரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அவர்கள் பார்த்த பறவைகளின் பெயர்களும் இருக்கின்றன. லெக் என்பவர் 1878–80 காலத்திலேயே இலங்கைப் பறவைகளுக்குப் பெரு நூல் எழுதிவிட்டார். கோப்பை கழுவிய அப்புவின் பெயரை எந்த நூலில் தேடுவது?

ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டு கம்பளை வழியில் பழைய லயமொன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் அமைக்கப்பட்டது. தேயிலைக்கெனக் கண்டி ஹந்தானையிலுள்ள நூதனசாலை இயந்திரங்களைக் காட்டுகிறது. லயத்து அரும்பொருளகமோ மனிதர் புழங்கிய பொருட்களைக் காட்டுகிறது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இரண்டையும் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் பாடசாலையில் வரலாற்றுப் பாடத்துக்காக, வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளொன்றைக் கொண்டுவருமாறு ஒருமுறை பிள்ளைகளிடம் கூறினேன். பித்தளைச் செம்பு, கொழுந்துக் கூடை, தகர டிக்கட், கவ்வாத்துக் கத்தி, கைப்பிடியற்ற பங்களாக் கோப்பைகள் மூன்று ஆகியன வந்தன. சிரட்டை ஒன்றுகூட வரவில்லை. காரணம் கேட்டபோது ஒரு மாணவி, "அத எரிச்சிருவாங்க சேர்" என்றாள். வரலாற்றுச் சான்று பற்றி ஆசிரிய கலாசாலையில் படித்த பாடங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏழையின் பாத்திரம் கடைசியில் அடுப்புக்குப் போகிறது. செல்வரின் பாத்திரம் உடைந்த பிறகும் மரக்கிளையில் தொங்குகிறது. பின்னால் வருபவர் இரண்டாவதை மட்டும் கண்டு, அன்று மலையில் எல்லோரும் பீங்கானில் குடித்ததாக எண்ணக்கூடும்.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்தப் பயணம் முடிந்த மாத்தளையில்தான் 1972 முதல் ஜப்பானியக் கூட்டு முயற்சியாகப் பீங்கான் தொழிற்சாலை ஒன்று இயங்கி வந்துள்ளது. சீனத்துக் கிண்ணம் இறங்கிய கரை, தொழிலாளி இறங்கிய கரை, நாடு கடத்தப்பட்டவர் கப்பலேறிய கரை எல்லாம் ஒரே கரையாக இருக்க, அதன் வழியின் முடிவில் இன்று இலங்கையரே உலகுக்குப் பீங்கான் செய்கிறார்கள்.

தோட்டத்தில் குருவித் தட்டு மாட்டியிருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தட்டு உங்கள் வீட்டுக்கு எவர் கையால், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று மூத்தவர்களிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கழுவியவரின் பெயர் தெரிந்தால் முதலில் அதை எழுதுங்கள். பக்கத்தில் குருவிக்குத் தண்ணீர் வைக்க ஒரு சிரட்டையையும் மாட்டுங்கள். ஈயப் பயம் இல்லை, செலவும் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் பார்த்து வளரட்டும்.